மன்னிப்பு ஞாயிறன்று வந்தவள்

தவக்கால நோன்புக்கு முந்தின ஞாயிறன்று யார் வந்து காலில் விழுந்தாலும் மன்னித்தே ஆக வேண்டும். ஊர் வழக்கம் அப்படி. கிளாஃபிரா அந்த நாளாகப் பார்த்துத்தான் வந்தாள். விவரமானவள். நாலு வருஷத்துக்கு முன்னால், மூன்று வயது மகள் உஸ்தினாவைத் தூங்க வைத்துவிட்டு, நிலம் அளக்க வந்த சர்வேயரோடு கிளம்பிப் போனவள். அவன் ஒரே குளிர்காலத்தில் கைகழுவிவிட்டான். பிறகு சரத்தோவ் நகரத்தில் துணி தைத்துப் பிழைத்தாள். வீட்டை விட்டுப் போனதற்காக அவள் வருந்தவில்லை. அந்த வீட்டில் மூச்சு முட்டியது, அதே நிலை வந்தால் மறுபடியும் போவாள். மகளை விட்டுப் போனதுதான் அவளை அரித்துத் தின்றது. இதைச் சொன்னால் ஊர் காறித் துப்பும். துப்பட்டும்.

கதவைத் திறந்தவர் புருஷன், தபாலாபீஸ் குமாஸ்தா யெவ்சேய் லூகிச். அவள் வாசலிலேயே தரை தொட வணங்கினாள்.

"என்னை மன்னிச்சிடுங்க, யெவ்சேய் லூகிச்."

"கடவுள் மன்னிப்பார்." வழக்கப்படி அவர் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். "நாள் பாத்து வந்திருக்கியே, கெட்டிக்காரி! சொல்லியாச்சு. கெளம்பு."

"உஸ்தினாவோட இருக்க விடுங்க. சமையக்காரியாவாவது ஒரு மூலைல கெடக்கறேன்."

"அம்மா செத்துட்டான்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீயே போய் உண்மையச் சொல்லு. அவ ஏத்துக்கிட்டா இரு."

அடுப்படியில் மகள் வெண்ணெய் வழிய அப்பம் தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க யாரு அத்தை?"

"சரத்தோவுலேர்ந்து வரேன். உங்கம்மாவ எனக்குத் தெரியும்."

சிறுமி அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்தாள். அதில், இறந்தவர்களுக்கான ஜெபத்தில் வாசிக்கச் சொல்லி தேவாலயத்தில் கொடுக்கும் பெயர்கள். முதல் பெயர் கிளாஃபிரா.

"நானே எழுதினேன். சனிக்கிழமையானா பாதிரியார் வாசிப்பாரு. அம்மா சாகறப்பகூட என் பேரச் சொல்லிக்கிட்டேதான் செத்தாங்களாம். நெசமா அத்தை?"

நான்தாண்டி உன் அம்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளின் நல்லதுக்காக அதை விழுங்கினாள் என்று சொன்னால் அது பாதிப் பொய். அந்தச் செத்தவள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. உயிரோடு இருப்பவளை இந்தப் பெண் அப்படி நேசிக்க மாட்டாள் என்று பயமாகவும் இருந்தது.

"நெசந்தான்," என்றாள்.

பிறகு மகளின் முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"கடவுள் மன்னிப்பார்," என்று ஒப்பித்த சிறுமிக்கு வெட்கமாகப் போயிற்று. "எந்திரிங்க அத்தை. நீங்க எனக்கு ஒண்ணுமே பண்ணலையே."