கோச்சிடம் அப்பா கேட்ட கேள்விகள்

தொண்ணூறுகளில் நாங்கள் சான் ஹோசேயில் இருந்தபோது எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த கோச் ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி. அந்த நாட்டுக்காக உலகப் போட்டியில் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்துகிற பந்தயத்தில் கலந்துகொண்டவர் என்று மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் பேசிக்கொள்வார்கள். அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை. ரிலேயில் பேக்ஸ்ட்ரோக்குக்கு நானா, இன்னொருத்தியா என்று திங்கட்கிழமை அவர் சொல்வதாக இருந்தது. பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா அவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்? சொல்லிக்கொடுப்பவரை வீட்டுக்கு அழைத்து ஒரு வேளையாவது சாப்பாடு போடாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். முதல் தோசை முடிவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். எத்தனாவது வந்தீர்கள்? நாலாவது என்றார் கோச். அப்பா அம்மா பக்கம் திரும்பி, "அடப்பாவமே, மெடல் இல்லையாம்டி" என்றார் தமிழில்.

"சும்மா இருங்க, அவங்க சாப்பிடட்டும்" என்றாள் அம்மா.

அப்பா சும்மா இருக்கிற ஆளா? என் கணக்குப் பரீட்சைத் தாளை வைத்துக்கொண்டு மீதி மார்க் எங்கே போச்சு என்று குடைவாரே, அதே குடைச்சல். கிளம்பும்போதே லேட்டா? திரும்புகிற இடத்தில் விட்டீர்களா? பக்கத்து லேன்காரி எவ்வளவு முன்னால் போனாள்? எனக்குக் காதெல்லாம் சுட்டது. மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

கோச் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தார். இது நான், இது அவள் என்று நகர்த்திக் காட்டினார். மல்லாந்து நீந்தினால் கூரைதான் தெரியும், முன்னால் போகிறவள் தெரியமாட்டாள். சுவரைத் தொடும்வரை ஜெயித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன் என்றார். அப்புறம் தோள்பட்டையில் ஆபரேஷனாம். அதோடு நீச்சல் முடிந்ததாம். தோசை ஆறிப்போயிருந்தது.

கிளம்பும்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, இந்த ஊரில் தன்னிடம் யாரும் இதையெல்லாம் கேட்டதே இல்லை என்றார். எப்படிக் கேட்பார்கள், மேனர்ஸ் தெரிந்தவர்கள் ஆயிற்றே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவமானத்தில் அன்றைக்கு அப்பாவோடு நான் பேசவே இல்லை.

திங்கட்கிழமை கோச் ரிலேயில் என்னைச் சேர்த்துவிட்டார். தோசை போட்டதற்காகத்தானோ என்று அதிலும் எனக்குக் கூச்சம்தான். பிராக்டிஸ் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா எப்ப வருவார்? செமிஃபைனல் பத்தி அவர்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். அப்பாவைக் கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கவலைப்படாதீங்க கோச். இனிமே அவர் உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டார், அம்மாகிட்ட ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டேன்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் குளத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். நல்ல செய்திதானே சொன்னேன், அவர் முகம் ஏன் அப்படி வாடிப்போயிற்று என்று எனக்குப் புரியவில்லை.