கடற்கரைத் தவளைக்கு ஊற்றிய பார்மலின்

தவளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் செங்கல்பட்டில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள். அம்மாவுக்கு வேறு கவலை. தவளை பிடிக்கிற பெண்ணை எவன் கட்டிக்கொள்வான்?

தொண்ணூறுகளின் கடைசி அது. படாளத்து வயல்களில் கட்டைவிரல் அளவில் மண்நிறத் தவளை ஒன்று உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சவுக்குத் தோப்பை ஒட்டி மழைநீர் தேங்கும் ஒரு குட்டையிலும் அச்சு அசல் அதே மாதிரி ஒன்று இருந்தது. குரல்தான் வேறு. வயல் தவளை விட்டு விட்டுக் கத்தும். குட்டைத் தவளை மூச்சே விடாமல் கத்தும்.

"ஊருக்கு ஊர் மனுஷன் பேச்சே மாறுதும்மா, தவளை மாறக் கூடாதா? ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் என் பேராசிரியர். வேறு இனம் என்பது என் பிடிவாதம். டி.என்.ஏ.வைப் படித்தால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் வேறுபாடு கூடக் கூட, அவை ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த காலமும் பின்னால் போகும். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று படித்துத் தர ஒப்புக்கொண்டது. என் முனைவர் பட்டமே அந்த ஒரு பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

படாளத்தில் சேற்றில் இறங்கியதுமே வரப்பிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, தவளைக் காலு வெட்டி பாரினுக்கு அனுப்புறியா? அதான் கவருமெண்டு நிறுத்திட்டானே!"

"இல்லைங்க, இதுக்குச் சொந்தக்காரங்க யாருன்னு கண்டுபிடிக்கிறோம்."

"வயலு என்னுது. அப்ப தவளையும் என்னுதுதான்" என்றார் அவர். தலையிலடித்துக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போனேன்.

எப்படியோ இரண்டு இடத்துத் தவளைகளும் கிடைத்தன. உடலைப் பார்மலின் ஜாடியில் வைத்துவிட்டு, டி.என்.ஏ.வுக்காகத் தொடைத் தசையில் ஒரு துண்டை மட்டும் சின்னச் சீசாக்களில் சுத்தமான ஸ்பிரிட்டில் போட்டேன். அந்த ஸ்பிரிட்டுக்கு அனுமதி வாங்கப் போனபோது, சாராயம் காய்ச்சப் போகிறவளைப் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அது தனிக் கதை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். கல்லூரியைப் பார்வையிடக் குழு வருகிறது என்றால், அருங்காட்சியக ஜாடிகளையெல்லாம் துடைத்து, கழுத்துவரை பார்மலின் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அந்த வருஷமும் குழு வந்தது. நானோ எனக்கு வரன் அமைய அம்மா வேண்டிக்கொண்டபடி திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது பேராசிரியர் சிரித்த முகமாக நின்றார்.

"உன் சீசாவுல ஸ்பிரிட்டு பாதி ஆவியாயிருந்ததும்மா. கெட்டுப்போயிடப் போகுதேன்னு நானே பார்மலின் ஊத்தி ரொப்பி வச்சேன்."

பார்மலின் உடம்பைக் காக்கும். டி.என்.ஏ.வைப் படிக்க முடியாதபடி இறுக்கிவிடும். இது தெரியாதவரா அவர்? தெரிந்தவர்தான். கை வழக்கம் முந்திக்கொண்டது. கெடுத்தவனிடம் சண்டை போடலாம். உதவி செய்தவரிடம் என்ன செய்வது? எரிச்சலில் எனக்கு அழுகைதான் வந்தது.

படாளத்துத் தவளை எப்போது போனாலும் கிடைக்கும். அடுத்த மழைக்குக் குட்டைக்கு ஓடினேன். அங்கே செம்மண் மேடும் மஞ்சள் அடித்த கற்களும் இருந்தன. காவல்காரர் எழுந்து வந்தார்.

"இன்னா தேடிகினு கீறே?"

"இங்க ஒரு குட்டை இருந்துதே?"

"அத்த மண்ணு கொட்டி ரொப்பியாச்சு. இப்ப பாரு, சொட்டுத் தண்ணி நிக்காது. பிளாட்டு வோணுமா?"

சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குட்டைகளில் காது கொடுத்துப் பார்த்தேன். அந்தக் குரல் இல்லை. ஆய்வேட்டில் "ஒரே இனமா என்பது தெரியவில்லை" என்று எழுதினேன். பேராசிரியர் அதை அடித்து "ஒரே இனம்" ஆக்கினார். பட்டம் கிடைத்தது. வரனும் அமைந்தது. முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான்.

சில வருஷம் கழித்து அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மறுபடி ஒரு குழு வருவதாக இருந்தது. உடன் வேலை பார்த்த ஆசிரியை பார்மலின் கேனோடு அலமாரி முன் நின்றார். அவர் கையிலிருந்தது கடற்கரைத் தவளையின் ஜாடி.

"மேடம், இதுல குறைஞ்சிருக்கு. ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க" என்றேன். "இனிமே அதுக்கு ஒண்ணும் ஆகாது."