பட்டியலில் ஏறிய ஐந்து அங்குலம்

பிரதோஷத்துக்கு வந்திருக்கும் அடியார்கள் எல்லாருக்கும் ஏழுமலையின் கும்பிடு. எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கோபம் வேறு சட்டென்று வந்துவிடும். நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் என் கழுத்தை அறுத்தான். அப்போது திருவதிகை ஈசன் எனக்கு என்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நான் வடக்குத்துக்காரன். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூடைப்பந்து என்னைப் பிடித்துக்கொண்டது. என் உயரத்தைத்தான் பார்க்கிறீர்களே, ஐந்தடி மூன்று அங்குலம். "பேரு ஏழு மலை, ஆளு அரைக் குன்று" என்று கிண்டல் செய்யாத ஆளில்லை. ஆனால் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு என்று ஓர் இடம் உண்டு. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் காலியாக நிற்கிறான் என்று பார்த்து, அவன் கையில் சேர்ப்பதுதான் பாயிண்ட் கார்டின் வேலை. உயரமானவர்கள் மேலே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், நான் அவர்கள் இடுப்புக்குக் கீழே புகுந்து போய்விடுவேன். எழுபத்தாறில் கம்பெனி அணியில் என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். காலையில் ஸ்டோரில் வேலை, சாயங்காலம் மைதானம்.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. அதற்குள் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. மூட்டை தூக்க முடியாதவனைக் காண்ட்ராக்டர் எதற்கு வைத்துக்கொள்வான்? வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். எழுபத்தொன்பதில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு பெர்மனெண்ட் இடம் வந்தது. அது கிடைத்தால் குவார்ட்டர்ஸ், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வைத்தியம், எல்லாம் உண்டு. கிடைக்காவிட்டால் வருஷக் கடைசியில் தற்காலிகமும் முடிந்துவிடும். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு காண்ட்ராக்டர் வாசலில் நான் நிற்க வேண்டும்.

எங்கள் கேப்டன் பேர் தனசேகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பேரைச் சொல்ல மாட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஆறடி இரண்டு அங்குலம். அவன் போட்ட புள்ளிகளில் பாதிக்கு மேல் என் கையிலிருந்து போன பந்து. கைதட்டல் அவனுக்குத்தான் விழும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்தால் என் தலையில் தட்டி, "ஏலே குள்ளா, வீட்டுக்கு வாலே" என்பான். அவன் சம்சாரம் சுட்ட தோசையை ஒரே தட்டில் பிய்த்துத் தின்போம். அண்ணன் இல்லாத எனக்கு அவன்தான் அண்ணன்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. வெளியூர் போட்டிக்கு அனுப்பும் வீரர் பட்டியலில் எல்லாருடைய உயரத்தையும் கூட்டித்தான் எழுதுவார்கள். பட்டியலைப் பார்த்தே எதிர் அணி மிரள வேண்டுமாம். எல்லா ஊரிலும் இதே கூத்துதான். தனசேகர் கையால் எழுதிக் கொடுப்பான், ஆபீசில் டைப் அடிப்பார்கள், அவரவர் பேருக்கு எதிரே கையெழுத்துப் போடுவோம். தனக்கு இரண்டு அங்குலம் ஏற்றியவன் எனக்கு ஐந்து அங்குலம் ஏற்றிவிட்டான். இங்கிலீஷில் இருந்த தாளை அவன் நீட்டினான், நான் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன். அண்ணன் நீட்டினால் எவன் படித்துப் பார்ப்பான்? என் மடத்தனம் அதுதான்.

ஆவணி மாதம் பெர்மனெண்டுக்காக டாக்டர் என்னை அளந்தார். ஐந்தடி மூன்று. விளையாட்டு ஃபைலில் ஐந்தடி எட்டு. பொய்த் தகவல் கொடுத்து வேலைக்கு வரப் பார்த்ததாக எனக்கு மெமோ வந்தது. நான் சிரித்தேன். கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்.

"யாருய்யா இந்த உயரத்தை எழுதினது?"

தனசேகர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் சொன்னதைத்தான் சார் எழுதினேன். கையெழுத்தும் அவனே போட்டிருக்கான், பாருங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மற்றவர்களைப் பார்த்தேன். ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் தெரியும், ஒன்பது பேர் உயரமும் பொய். ஆனால் அவர்கள் ஏற்கெனவே பெர்மனெண்ட். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கத்தினேன். கத்தினதும் எனக்கே பாதகமாகப் போயிற்று. "திமிர் வேறயா?" என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் தனசேகர் சட்டையைப் பிடித்தேன். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது, அதுவும் ஓர் அவமானம்.

"ஏண்டா இப்படிப் பண்ண? உன் வூட்டுச் சோறு துன்னவன்டா நானு!"

"சட்டைய விடுலே. எனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றான். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது, அந்த இடத்துக்கு இரண்டாவது பேர் அவன் மச்சினன். ஆறடி ஆள். அவனுக்கு நான்தான் பந்து பிடிக்கவே சொல்லிக் கொடுத்தேன். அட பாவிகளா!

ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போகப் போகிறதே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அந்தத் தட்டும் தோசையும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. எல்லாம் நடிப்பா? எப்போதிலிருந்து நடிப்பு? அம்மா பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனாள்.

"இன்னாடா, பொட்டப்புள்ள மாதிரி மூலைல குந்திகினு அழுவுற? வெள்ளிக்கெழம பிரதோஷம் வருது. திருவதிகைக்குப் போயி அந்த சாமிகிட்ட நேராக் கேளு. சாமி இன்னா உன்ன அடிச்சா தொரத்தும்?"

எனக்கு அதுவரை பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் போக்கிடம் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வடக்குத்திலிருந்து நடந்தே கிளம்பினேன். பண்ருட்டி தாண்டி, சாயங்காலம் இந்தக் கோயிலுக்குள் நுழையும்போது நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லார் முதுகும்தான் தெரிந்தது. குனிந்து புகுந்து முன்னால் போய்விட்டேன். ஆடின ஆட்டம் அதற்காவது உதவியது.

முதலில் நான் என்ன வேண்டினேன் தெரியுமா? மறைக்காமல் சொல்கிறேன். அவன் கால் ஒடிய வேண்டும் என்று வேண்டினேன். அவன் மச்சினன் நாசமாய்ப் போக வேண்டும் என்று வேண்டினேன். அவன் வாயாலேயே உண்மை வர வேண்டும், எல்லார் முன்னாலும் என் காலில் விழ வேண்டும் என்று கேட்டேன். கேட்கக் கேட்கத் தொண்டை காய்ந்ததே தவிர, மனசு ஆறவில்லை. தீபாராதனை காட்டும்போது எனக்குள் என்னவோ உடைந்துவிட்டது. விம்மி விம்மி அழுதேன். "அப்பனே, பத்து பேர் என்னைக் கைவிட்டுட்டாங்க. எனக்குப் பத்து பேர் வேணாம். ஒரே ஒரு ஆள் நெஜத்தைச் சொல்லட்டும். ஒருத்தர் போதும்" என்றேன். அது நான் யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். வேலை முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். உள்ளே விமலா நின்றுகொண்டிருந்தார். விளையாட்டு ஆபீசில் டைப் அடிக்கும் பெண், பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவரும் தற்காலிகம்தான். மூன்று வருஷத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மேஜைமேல் ஒரு ஃபைல் திறந்து கிடந்தது.

"எந்தத் தாளை டைப் அடிச்சாலும், எழுதிக் குடுத்த தாளை ஆபீஸ் காப்பிக்குப் பின்னால குத்தி வைக்கிறது எங்க வழக்கம் சார்," என்றார். "இது கேப்டன் எழுதினது. அவர் முதல்ல அஞ்சடி மூணுன்னு சரியாத்தான் எழுதியிருக்கார். அப்புறம் அதைக் கோடு போட்டு அடிச்சிட்டு அவர் கையாலயே எட்டுன்னு திருத்தியிருக்கார். எல்லார் உயரத்தையும் அப்படித்தான் ஏத்துறது. ஏழுமலை அந்த நேரத்துல அங்க இல்லவே இல்ல சார்."

"போன வாரம் நான் கேட்டப்ப தெரியாதுன்னியேம்மா?"

"பயந்துட்டேன் சார். எனக்கும் வருஷக் கடைசில ஆர்டர் புதுப்பிக்கணும். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்து மனசு கெடந்து அடிச்சிகினே இருக்குது. சோறு எறங்கல. என்ன ஆனாலும் ஆவட்டும்னு வந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்! அடியார்களே, அந்த நேரம் நான் எங்கே நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. நான் வேண்டினது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? என் பேரைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாதே.

மெமோவை ரத்து செய்தார்கள். கார்த்திகையில் பெர்மனெண்ட் ஆர்டர் கைக்கு வந்தது. அப்பாவைக் கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்டினேன், கோல் ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறினார். விமலாவின் வேலைக்கும் ஆபத்து வரவில்லை. தனசேகருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. "எல்லா டீமும் செய்றதுதானே சார், ஞாபகமில்லாம சொல்லிட்டேன்" என்றான், விட்டுவிட்டார்கள். என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இன்றுவரை இல்லை.

அவனும் நானும் ஒரே அணியில் இன்னும் ஆறு வருஷம் ஆடினோம். பெர்மனெண்ட் ஆனபின் முதல் ஆட்டத்தில் பந்து என் கையில். கூடைக்குக் கீழே அவன் தனியாக நிற்கிறான். "ஏலே, குடுலே!" என்று கையைத் தூக்குகிறான். என் கை ஒரு கணம் மறுத்தது. அப்புறம் கொடுத்துவிட்டேன். கூடையில் போட்டுவிட்டு ஓடிவந்து, பழையபடி என் தலையில் தட்ட வந்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"பந்து குடுப்பேன். தலையத் தொடாத," என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று உங்கள் முன்னால் சொன்னால் அது பொய். இன்றைக்கும் அந்த வீட்டு வழியாகப் போனால் நெஞ்சு எரிகிறது. ஆனால் அவன் கால் ஒடிய வேண்டும் என்று அதற்கப்புறம் நான் வேண்டியதில்லை. அந்த அளவுக்கு ஈசன் என்னை மாற்றினான், அதற்கே நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன். மாதம் தவறாமல் பிரதோஷத்துக்கு இங்கே வருகிறேன்.

உங்களுக்கும் நம்பினவன் கையால் அடி விழுந்திருந்தால், வந்து சாமியிடம் அழுங்கள், வெட்கப்படாதீர்கள். யார் மூலமாக உதவ வேண்டும் என்று மட்டும் ஈசனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். உங்களில் யாராவது போன வாரம் தெரிந்த விஷயத்தைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தால், நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் உங்களைத்தான் கேட்டு அழுதுகொண்டிருப்பார்.