பனிக்கடியில் பயிர்

நான் வாழும் சுவீடன் நாட்டுச் சிறுநகரத்தில், பனி மூடிய வயலின் குறுக்கே யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். வயலுக்கு உரியவரைக் கேட்க வேண்டியதில்லை. அவரும் கரையில் நின்று கூவ மாட்டார். அல்லேமான்ஸ்ரெட் என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் உள்ள வழியுரிமை என்று தமிழில் சொல்லலாம். இங்கு வந்த முதற் குளிர்காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையான பக்கத்து வீட்டுப் பிரிட்டா, காலில் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பை ஒட்டிய வயலுக்குள் இறங்கினார். நான் பதறி அவர் கையைப் பிடித்தேன். "யாருடைய வயல்? கேட்டுவிட்டீர்களா?" என்றேன். அவர் வியப்புடன் பார்த்தார். "கோதுமை பனிக்கடியில் உறங்குகிறது. மேலே நடப்பது அதற்குத் தெரியாது" என்றார். நான் குளிருக்கு அஞ்சுகிறேன் என்று கருதியவர், அடுத்த வாரமே எனக்குக் கம்பளிக் காலுறை பின்னித் தந்தார். காலுறைகள் தேய்ந்து, புதியவை வந்து, அவையும் தேய்ந்தன. அந்த வயலுக்குள் நான் கால் வைக்கவில்லை.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊரொன்றின் கீழத்தெருவில் பிறந்தவள் நான். லுத்தரன் சபையைச் சேர்ந்த கூலி உழவர் குடும்பம். கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் சாலை பெரிய தெருவின் வழியே போகிறது. உயிரோடு நாங்கள் அதில் நடக்கலாம். பிணமாகப் போகலாகாது என்பது எழுதப்படாத கட்டளை. ஞானஸ்நானம் எங்கள் பெயர்களை மாற்றிற்று, பாதையை மாற்றவில்லை. நான் தஞ்சையில் தமிழ் இலக்கியம் பயின்றுகொண்டிருந்தபோது, கார்த்திகை அடைமழையில் அப்பா இறந்தார். மிராசுதாரின் சம்பா வயல் வழியாகவே பெட்டியைத் தூக்கிச் சென்றார்கள். வரப்போ ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அகலம். தூக்கியவர்கள் அதன் இருமருங்கும் சேற்றில் இறங்கி, பால்பிடித்த கதிர்களை மிதித்தபடி போனார்கள். ஒவ்வோர் அடியையும் சேறு பற்றி, உறிஞ்சி, மனமின்றி விடுவித்தது. பெட்டி ஒருபுறம் சாய்ந்தது. பின்னால் வந்த அம்மா அலறினாள்:

"பாத்துக் கால வைங்கய்யா, பயிரு மிதிபடுது!"

அந்த வயலில் நாற்று நட்டவர்களுள் அவளும் ஒருத்தி.

கணினி வேலைகள் நம் பிள்ளைகளைக் கடல் கடத்திய காலத்தில் என் கணவருக்கும் இங்கு வேலை கிடைத்தது. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பணியில் நான் சேர்ந்தேன். அதன் வழியே பெற்றோர் பலர் அறிமுகமாகி, அவர்கள் வற்புறுத்தலால் நகர்மன்றத்திற்குள்ளும் வந்தேன். அங்கே சமத்துவக் குழுவில் எனக்கு இடம். சென்ற குளிர்காலத் தொடக்கத்தில் எங்கள் முன்னிருந்த கேள்வி, பனி கொட்டினால் முதலில் எந்த வழியைத் திறப்பது என்பது. ஆலைக்குச் செல்லும் கார்ச்சாலையே வழக்கமாக முதலில் துப்புரவாகும். நடைபாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும். அவர்கள் நண்பகல் வரை வழுக்கி விழவேண்டும். நடைபாதையை முதலில் திறக்க வேண்டுமென்று நான் முன்மொழிந்தேன்.

அந்த நாள்களில்தான் ஊரில் அம்மா படுக்கையில் விழுந்தாள். தம்பி அருள் கைப்பேசியில் அழைத்தான்.

"அக்கா, அம்மா ஒரே பிடிவாதம். செத்தா பெரிய தெரு வழியாத்தான் போவேங்குது. தாலுக்கா ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வந்தேன். பெரிய தெருவுல சிரிக்கிறானுங்க. 'ஒங்கக்கா அங்க கவுன்சிலராமே, அங்கேருந்தே ஒரு ரோடு போட்டு அனுப்பச் சொல்லு'ங்கிறானுங்க."

அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். "நீ பதறாதடி. வழி கெடைக்கட்டும், அப்பறம் சாவுறேன். எனக்கென்ன அவசரம்?"

நகர்மன்றத்தில் என் முறை வந்தபோது, எழுதிவைத்ததை விட்டுவிட்டுப் பேசினேன். "ஒருவர் பின் ஒருவராகப் போகும் வழி வழியாகாது. சுமந்து செல்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடக்க இடம் வேண்டும்" என்றேன். தலைவர் கனிவோடு தலையசைத்தார். "சரிதான், குழந்தை வண்டிகள்! என் மகளும் இதையேதான் சொல்கிறாள்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தீர்மானம் நிறைவேறியது. பிரிட்டா குங்குமப்பூ ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். மாலையில் உறைந்த ஏரியின் மேல் மகள் மெர்சி என் இரு கைகளையும் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த நாளில் ஓடியதுபோல் ஓடினேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கரையேறிப் புதுப்பனியில் கால் புதைந்ததும், பின்னால் யாரோ பாரம் சுமந்து வருவதுபோல் இருந்தது. நின்றால் அதுவும் நின்றது.

அருளின் மனுவின்மேல் தாசில்தார் முன்னிலையில் அமைதிக் கூட்டம் நடந்தது. பெரிய தெருவார் வேண்டா வெறுப்பாக ஒப்புக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டே அம்மா மார்கழியில் இறந்தாள். விமானம் கிடைத்துப் போய்ச்சேர நாளாகும், உடல் தாங்காது. இங்கே விடிந்தும் விடியாத பொழுதில், அருள் கைப்பேசியில் அழைத்துக் காட்டிய நேரலையில்தான் அவள் பயணத்தைப் பார்த்தேன்.

பெட்டி பெரிய தெருவின் முகப்பில் நின்றுவிட்டது. கதவுகள் யாவும் சாத்தியிருந்தன. வாசல்கள்தோறும் கோலங்கள், சாலையின் ஓரம் முதல் ஓரம் வரை, பூசணிப்பூ வைத்து. தெருவில் பிணம் போகவேண்டிய நாளில், அது கடக்கும் வரை கோலம் இடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இங்கு எவரும் இறக்கவில்லை என்று அந்தத் தெரு மாவினால் எழுதியிருந்தது.

"வேணும்னே போட்ருக்காங்கக்கா. மிதிக்கிறதா, திரும்பி வயலுக்குள்ள எறங்கிடறதா? நீ சொல்லு."

மன்றத்தில் வாதாடியவள் நான், கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனேன். சுமந்தவர்களோ, கோலத்தின் விளிம்பில் கால்களை ஒடுக்கி, அகன்ற சாலையில் வரப்பில் நிற்பதுபோல் நின்றார்கள். அப்போது அம்மாவோடு காலமெல்லாம் நடவு நட்ட ராக்கேல் அத்தையின் குரல் கேட்டது.

"ஏன்டா நிக்கிறீங்க? பயிரையா மிதிக்கப் போறீங்க? மாவுதானடா! நடங்க!"

நடந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில். எந்தக் கதவும் திறக்கவில்லை. தெரு முடிந்த இடத்தில் அருள் கைப்பேசியைத் தரைக்குத் திருப்பினான். கருத்த தார்ச்சாலையில், கல்லறைத் தோட்டத்தை நோக்கி, வெள்ளைக் காலடிகள் போய்க்கொண்டிருந்தன.

வெளியே வந்தேன். நடைபாதை துப்புரவாக, இருவர் இணைந்து நடக்கும் அகலத்தில் திறந்து கிடந்தது. விடுமுறையில் இருந்த மெர்சி வயலின் நடுவில் சறுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டியின் செய்தி அவளுக்கும் தெரியும், அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"அம்மா, வாம்மா! யாரும் திட்ட மாட்டாங்க!"

கால் வைத்தேன். பனி முழங்கால் வரை வாங்கிக்கொண்டு, மெல்ல விட்டது. அவளை நோக்கி நேராகத்தான் நடந்தேன் என்று எண்ணினேன். அவளை அடைந்து திரும்பிப் பார்த்தேன். மகளின் சறுக்குத் தடம் வயலைக் குறுக்கே கடந்திருந்தது. என் காலடிகள் வயலின் விளிம்பை ஒட்டி வளைந்து, அங்கே இல்லாத ஒரு வரப்பின் மேல், ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன.