காபைனுக்கு ஒரு பித்தளைக் கட்டை: கிரின்ஸ்டெட்டிலிருந்து ஓல்போர்க்குக்கு

போன கிழமை ஹெர்னிங் என்ற டேனிஷ் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். சுடும் சங்கமொன்றில் சேர்ந்து மூன்று வருடமாகிறதாம். கைத்துப்பாக்கித் தோட்டா போடும் காபைன் என்ற குட்டை ரைபிள் ஒன்றைத் தன் விருப்பப்படி உறுப்பு உறுப்பாகச் சேர்க்கப் போகிறாராம். ஓல்போர்க் பக்கம் போய் வாங்கலாமா, எந்தப் பாதை நல்லது, எந்த உறுப்பு எதற்குப் பொருந்தும் என்று கேட்டிருந்தார். இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதெல்லாம் தேர்த்திருவிழாவுக்கும் கடற்கரைக்கும் போகிற வழிதான். துவக்குக்கும், அதாவது துப்பாக்கிக்கும், வழி கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் தம்பி சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். அந்தப் பயணத்தை நான் 1988 ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை போயிருக்கிறேன்.

அப்போது நான் கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். மனைவி ரஞ்சினி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை இங்கே எடுக்கப் பொலிசில் விண்ணப்பம் போட்டிருந்தேன்; இந்த நாட்டில் அது அவர்கள் வேலை. கலியாணப் பதிவின் மூலப்பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை ரஞ்சினியின் பெரியம்மா மகன் யோகன் சட்டைக்குள் வைத்துத் தைத்து நாடு நாடாகக் கடந்து கொண்டுவந்து சேர்த்திருந்தான். சேர்ந்த இடம் ஓல்போர்க். தபாலில் அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு தாள் தொலைந்தால் ரஞ்சினி வருவது இன்னும் எத்தனை காலம் தள்ளிப்போகுமோ என்ற பயம். கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி வெளிக்கிட்டவன் பின்னேரமும் கிரின்ஸ்டெட்டில்தான் நிற்பான். என்னிடம் காரும் இல்லை.

கார் ஸ்வென்னிடம் இருந்தது. தொழிற்சாலையில் என்னோடு ஒரே பகுதியில் வேலை செய்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சுடும் சங்கத்தில் உறுப்பினர். அவருக்கும் ஓல்போர்க்கில் அலுவல் இருந்தது: காபைனுக்கு ஒரு உறுப்பு. அவர் பேசியது டேனிஷ். இங்கே என் ஊர்த் தமிழில் தருகிறேன்.

"நீ பெற்றோலுக்குப் பாதி போடு. ஆனா காருக்க இருக்கேக்க நித்திரை கொள்ளக் கூடாது, நான் கதைக்கிறதைக் கேக்க வேணும்" என்றார். இரண்டாவது நிபந்தனைதான் விலை கூடியது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பிராண்ட, இகாஸ்ட், வீபோர்க், பிறகு நேரே வடக்கே. ஏறக்குறைய நூற்று எழுபது கிலோமீற்றர். அந்தக் கால உட்பாதையில் மூன்று மணித்தியாலம் பிடித்தது. பெற்றோலுக்கு என் பங்கு எழுபது குரோனர். வீபோர்க்கில் ஒரு பாண்கடை. வெண்ணெயும் சீஸும் வைத்த உருண்டைப் பாண், கோப்பி. டேனிஷ்காரர் நெடும் பயணத்தில் இதை விட்டுக் கொடுக்க மாட்டார்கள், நீங்களும் விடாதீர்கள்.

ஸ்வென் பிராண்டவில் தொடங்கிய பேச்சை ஓல்போர்க்கில்தான் நிறுத்தினார். கைத்துப்பாக்கித் தோட்டாவை ஏன் நீளத் துப்பாக்கியில் போட வேண்டும் என்பதுதான் விஷயம். அவரிடம் ரிவோல்வர் என்கிற சுழல் துப்பாக்கியும் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் ஒரே தோட்டா என்றால் ஒரே பெட்டி வாங்கினால் போதும். தோளில் அணைத்துச் சுடுவதால் உதை குறைவு, கை நடுங்குகிறவருக்கும் குறி நிற்கும். சத்தமும் சங்கத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் பொறுக்கிற அளவுதான். குறையும் உண்டு. ஐம்பது மீற்றர் வரை சோக்கு, நூறைத் தாண்டினால் தோட்டா களைத்து விழுந்துவிடும். "தூரத்துக்குச் சுட ஆசைப்படுறவன் இதை வாங்கக் கூடாது" என்றார். நான் எதற்குமே ஆசைப்படாதவன் என்பதால் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய காபைன் கலப்புச் சாதி. உடல் ஒரு பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் இத்தாலிய நகல், குழல் வேறொருவர் கடைந்தது, மரப்பிடி அவரே செதுக்கியது. அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏற வேண்டும். அதற்கு உள்ளே பெருவிரல் அளவில் ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்க. அவருடையது மூன்றாவது தோட்டாவில் இறுகி நின்றுவிடும். சங்கப் போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

கடை, ஓல்போர்க்கில் பாலத்தைக் கடந்து அக்கரையில், ஒரு வீட்டின் பின்புறத்தில் இருந்தது. நடத்தியவர் அறுபது வயதை நெருங்கும் ஒரு அம்மா. மேசையில் நாலு கட்டைகளைப் பரப்பினார். முதலாவது அதே நகலுக்குச் செய்தது, ஆனால் பெரிய தோட்டாவுக்கு உரியது. இரண்டாவது இன்னொரு இத்தாலிய நகலுடையது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளை, அகலம் ஒரு மயிரிழை கூடுதல், உள்ளே போகவில்லை. மூன்றாவது பழைய அமெரிக்க மூலத்துடையது. அதன் திருகாணி அங்குலக் கணக்கு, ஸ்வென்னுடையது மில்லிமீற்றர். நாலாவது வழுவழுவென்று போய் உட்கார்ந்தது. ஸ்வென்னின் முகத்தில் சூரியன். தானே அடைத்துக் கொண்டுவந்திருந்த, மருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு நெம்புகோலை இழுத்தார். மூன்றாவதில் இறுகியது.

அந்த அம்மா சிரிக்காமல், தோட்டாவை வாங்கி அளவுகோலில் பிடித்தார். "உன்ர கட்டையில பிழையில்லை. தோட்டாதான் கட்டை, நீளம் காணாது. நீ சுழல் துப்பாக்கிக்கு எண்டு மொட்டையா அடைச்சிருக்கிறாய். ஒண்டு ஏறேக்க, பின்னால வாறதும் மூக்கை நுழைக்குது. கொஞ்சம் நீளமா அடைச்சதைப் போட்டுப் பார்" என்றார். தன் அலுமாரியிலிருந்து நீளமான வெற்றுத் தோட்டா பத்தைக் கொடுத்தார். பத்தும் ஏறி இறங்கின. தம்பி, உங்கள் கேள்விக்கு முழுப் பதிலும் இதுதான். ஒரே பெயர், ஒரே துளை என்று நம்பி வாங்காதீர்கள். உறுப்பு உறுப்போடு பொருந்துவது பாதி, தோட்டாவோடு பொருந்துவது மீதி. ஸ்வென் மரியாதைக்கு அந்த நாலாவது கட்டையை நூற்றெண்பது குரோனருக்கு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது யோகன். நகரத்தில் இன்னும் இரண்டு பொடியளோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தான். தாளை இரண்டு கையாலும் தந்தான். வியர்வையில் ஓரம் மஞ்சளித்திருந்தது. ரஞ்சினியின் கையெழுத்து அப்படியே இருந்தது. நான் அழுதுவிட்டேன், அதை மறைப்பதற்கு என்ன இருக்கிறது. பிறகு சோறு, தகரத்தில் அடைத்த ரின்மீனில் குழம்பு. ஸ்வென் நெற்றி வியர்க்க வியர்க்க இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். ஸ்வென் வந்த அலுவலை நான் சொன்னதும் யோகன் எழுந்து யன்னலால் காரை எட்டிப் பார்த்தான்.

"துவக்கோ அத்தான்? வெளியில நிக்கிற காரிலயோ?"

"ஓம். பெட்டிக்குள்ள பூட்டி இருக்கு. அனுமதி இருக்கு."

"உங்களுக்கென்ன விசரே? அக்காவின்ர அலுவல் பொலிசின்ர கையில கிடக்கு. தமிழன், துவக்கு, ஒரே கார். அவங்கள் வேற என்ன யோசிப்பாங்கள்? ரயிலில போங்கோ, காசு நான் தாறன்."

அவன் சொன்னது சரியென்றுதான் பட்டது. ஆனால் இவ்வளவு தூரம் கூட்டிவந்த மனிதனை எப்படித் தனியே அனுப்புவது? தாளை உள்சட்டையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். திரும்பும் வழியில் ஸ்வென் பாடிக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு கார் வெளிச்சத்தையும் எண்ணாத குறை.

வீபோர்க்குக்குச் சற்று முன்னால் பொலிஸ் நின்றது. வாகன விளக்குகளைச் சரிபார்க்கும் சாதாரண மறிப்பு. ஸ்வென் கண்ணாடியை இறக்கினார், டேனிஷ்காரன் செய்வது அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? கதவைத் திறந்து இறங்கினேன். கலியாணப் பதிவை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தெருவோரம் முன்னால் நடக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாகனம் நின்றால் சனம் இறங்கும், அடையாள அட்டையை உயர்த்தும், வரிசையாக நடக்கும். இறங்காமல் உள்ளே இருப்பவன்தான் அங்கே சந்தேகத்துக்கு உரியவன். மூளை யோசிக்க முன்னமே கால் இறங்கிவிட்டது.

"ஹேய்! நில்லுங்கோ! எங்க போறீங்கள்?" என்று இளம் பொலிஸ்காரர் ஓடிவந்தார்.

"பேப்பர் இருக்கு" என்றேன், எனக்குத் தெரிந்த டேனிஷில். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய சேவையில் மணப்பதிவைக் காட்டிச் சரணடைந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு அவர் பார்வை காருக்குப் போனது. பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்வென் தானாகவே காபைனைக் காட்டி, அனுமதிப் பத்திரத்தையும் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனாலும் இரண்டு பேருடைய பெயரையும் எழுதிக்கொண்டார்கள். வழமையான நடைமுறைதானாம். கிரின்ஸ்டெட் வரை காருக்குள் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

திங்கட்கிழமை தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மாரி போனது, வசந்தம் வந்தது, பதில் இல்லை. ரஞ்சினியின் கடிதங்களில் கேள்வி ஒன்றுதான்: "என்னவாம்?" பொலிஸ் அன்று எழுதிய பெயர்தான் விண்ணப்பத்தை மறித்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். யோகனும் அப்படித்தான் நினைத்தான். ஸ்வென் வேலைக்கு வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், "கடிதம்?" என்பார், இல்லை என்றால் குனிந்து வேலையைத் தொடங்குவார். காபைன் பேச்சு அடியோடு நின்றுபோனது. சங்கத்துக்கு ஏன் போவதில்லை என்று கேட்டதற்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாரி நோவென்றார். நம்பிவிட்டேன்.

ரஞ்சினி 1990இல் வந்து சேர்ந்தாள். தெருவில் குண்டு விழுந்த இரவுகளை அவள் தனியே கழித்திருந்தாள். அந்தக் காலம் எங்களுக்குத் திரும்பி வரப்போவதில்லை.

பயணக் குறிப்புகளை இங்கேயே தந்துவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது. இப்போது கிரின்ஸ்டெட்டிலிருந்து வையில என்ற நகரத்துக்குப் போய்ப் பெருந்தெருவில் ஏறினால் தூரம் கூடும், நேரம் குறையும்; இரண்டு மணித்தியாலம் சொச்சம். உட்பாதை அழகு, ஹெர்னிங் தம்பிக்கு அதுவே கிட்ட, ஆனால் மான் பாயும். உறுப்பு வாங்கப் போகிறவர் படத்தையோ அளவையோ நம்பாமல் காபைனையும், சுடப்போகும் அதே நீளத்தில் வெற்றுத் தோட்டாவையும் கொண்டுபோக வேண்டும். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறாக, அனுமதிப் பத்திரம் கையில். குழலோ உடலோ மாற்றுவதென்றால் அது வெறும் உதிரிப்பாகம் அல்ல, பத்திரத்தில் ஏற வேண்டியது. விதிகள் நான் போன காலத்தவை அல்ல, எனவே முதலில் சங்கத்தில் கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர் கலப்புக் கட்டாமல், ஒரே ஆள் செய்த முழுக் காபைனை வாங்குவதே புத்தி. கலப்பு, திருத்தவே நேரமுள்ளவர்களுக்கு.

1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளியானது. தமிழர் வழக்கு என்று இந்த நாடு முழுவதும் அதற்குப் பெயர். எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை 1987 இலையுதிர் காலத்திலிருந்தே நீதி அமைச்சு வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்தது. அரசாங்கமே விழுந்தது. அடுத்த நாள் பின்னேரம் ஸ்வென் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பத்திரிகை. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எண்பத்தேழிலயாம் நிப்பாட்டினது. நாங்கள் போனது எண்பத்தெட்டில" என்றார்.

"ஓம், நானும் பாத்தன்."

"அப்ப மறிச்சது என்ர துவக்கில்லை."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எண்பத்தொன்பது வசந்தத்திலேயே அவர் காபைனை விற்று, அனுமதியைத் திருப்பிக் கொடுத்து, சங்கத்திலிருந்தும் விலகியிருக்கிறார். பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போய், துப்பாக்கி தன்னுடையது, அந்தத் தமிழனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு இவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்றே விளங்கவில்லையாம். நாலு வருடத்துக்கு மேலாக, ஒரு பெண்ணைப் போருக்குள் மறித்து வைத்தது தன்னுடைய பொழுதுபோக்குத்தான் என்று இந்த மனிதன் சுமந்திருக்கிறான். பக்கத்தில் நின்று வேலை செய்த எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ரஞ்சினி குசினியிலிருந்து வந்தாள். ஸ்வென் அவளைப் பார்த்து, தலையைக் குனிந்து, "மன்னிக்க வேணும்" என்றார்.

"ஏன் நீ கேக்கிறாய்? நீ ஒண்டும் செய்யேல்லையே" என்றேன்.

"செய்தது எங்கட ஆக்கள்தானே" என்றார்.

நான் ரஞ்சினிக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். "துவக்கை வித்த மனிசன் வந்து நிக்குது. உள்ளுக்க வரச் சொல்லுங்கோ, குளிருக்க நிக்கிறார்."