மணி பிளாண்ட் இலை ஏன் கருகியது என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த கதை

இன்று மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில்...

ஜன்னலோரம் இருக்கும் மணி பிளாண்டின் இலைகள் கொஞ்ச நாளாகவே திட்டுத்திட்டாகக் கருகிக்கொண்டிருந்தன.

தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக ஊற்றினேன். பூச்சியோ என்று வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன்.

போட்டோ எடுத்து ஒரு ஆப்பில் போட்டால், அது வரிசையாக வியாதிப் பெயர்களைச் சொன்னது. (ஒன்றுகூட வாயில் நுழையவில்லை!)

என் வீட்டுக்காரர் அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர். தீபாவளிக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, பெரம்பலூரில் எங்கள் வீட்டு ஹால் கட்டிலோடு கிடக்கிறார்.

வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் இறங்க மாட்டேன் என்கிறார். பேச்சும் குறைந்துபோனது. செடியைவிட அவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

இன்று நான் மறுபடி வேப்பெண்ணெய் பாட்டிலை எடுத்ததும் கட்டிலிலிருந்து குரல்.

“செல்வி, அதப் போட்டுக் கொல்லாத. பூச்சியெல்லாம் இல்ல.”

“ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“ஜன்னல் பக்கம் இருக்கற எலை மட்டுந்தான் கருகுது. உள்பக்கம் பாரு, பச்சப்பசேல்னு இருக்கு. பூச்சின்னா எல்லாத்துலயும் பரவிருக்கும்ல? இது வெயிலு.”

“வடக்குப் பாத்த ஜன்னலுங்க! அதுல எங்கேருந்து வெயில் வரும்?”

“செத்த நேரம் இரு, காட்டுறேன்.”

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தால், செடி மேல் பளீரென்று வெளிச்சம்! கையை நீட்டினேன், சுட்டது.

“எதுத்த வூட்டு மாடியில புதுசா கண்ணாடி போட்டாங்கள்ல? அதுல பட்டு இங்க அடிக்குது. தெனமும் பாத்துக்கிட்டுத்தானே கெடக்கேன்.”

அசந்துபோனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று நான் நினைத்த மனிதர், ஒவ்வொரு இலையாகக் கவனித்திருக்கிறார்!

தொட்டியை நகர்த்தப் போனேன்.

“இரு, அந்த வாக்கர எடு. ஸ்க்ரீன நான் இழுத்து விடுறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கால் நடுங்கியது. பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். ஜன்னல் வரைக்கும் போய் ஒற்றைக் கையால் திரையை இழுத்து மூடினார்.

வியர்த்துக் கொட்டியது. ஆனால் முகத்தில் சிரிப்பு! எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

கட்டிலுக்குத் திரும்பி உட்கார்ந்ததும் கேட்டார்.

“வாசல்ல ரோஜா எப்படி இருக்கு?”

“அதுவும் என்னமோ ஒரு மாதிரிதாங்க இருக்கு. நாளைக்கு வந்து பாருங்க.”

“ம்... பாக்குறேன்.”

(ரோஜா ஜம்மென்று பூத்திருக்கிறது. இதைப் படிக்கும் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்!)