பிளக்கில் வைத்த சந்தனம்

போன ஆயுத பூஜையன்று மகனின் புதுக் காருக்குப் பொட்டு வைக்க பானெட்டைத் திறந்தேன். உள்ளே எல்லாவற்றையும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியிருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு அசடு வழிய நின்றேன். அந்த வாசனை என்னை நான் வளர்ந்த செவிலிமேட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அறுபதுகளின் கடைசி. ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்த புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணப்பன் அண்ணன் வாடகைக் கார் ஓட்டினார். பக்கத்துக் கிராமமான ஓரிக்கையில் ஏர் ஓட்டிவிட்டு வந்தவர். அவர் கேட்காமலே நான் பாடம் எடுப்பேன்.

"இக்னிஷன்னா பத்தவைக்கிறதுண்ணே. பேட்டரி கரண்ட்ட காயில் பல ஆயிரம் வோல்ட்டாக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் அத ஒவ்வொரு பிளக்குக்கா அனுப்பும். பிளக்கு முனையில பொறி பறந்தா பெட்ரோல் பத்திக்கும்."

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "பத்தினா சரிப்பா" என்பார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அவர் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்தார். எனக்கு அது போதவில்லை. வண்டிக்கு உயிரே இக்னிஷன்தானே! அவர் அந்தப் பக்கம் போனதும் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, நாலு பிளக்கின் வெள்ளைப் பீங்கான் எல்லாவற்றிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவுக்குத் தலைப்பிரசவ வலி. பனிக்குடமும் உடைந்துவிட்டது. அண்ணன் காரில் ஏற்றினோம். செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த நெசவாளர்கள் தெருமுனை வரை தள்ளினார்கள். உள்ளே அக்கா அலறினாள். நானோ, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குது" என்று மேதாவித்தனம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஓட்டை வண்டிய வச்சிக்கினு எம் பொண்ண சாகடிக்கிறியேப்பா!" என்று அம்மா அவரைத் திட்டினாள்.

கண்ணப்பன் அண்ணன் பானெட்டைத் திறந்து பீங்கானில் விரலை வைத்தார். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. கரண்ட் முனைக்குப் போகாமல் அந்த ஈரத்திலேயே கசிந்து இறங்கியிருக்கிறது. என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டால் ஒவ்வொன்றையும் துடைத்தார்.

"பிளக்கு பழசும்மா. என் தப்புதான்" என்றார் அம்மாவிடம்.

வண்டி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவர் வண்டியைக் கூப்பிடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அந்த டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது எந்தப் புதுக் காரிலும் இல்லை. கண்ணப்பன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன ஆயுத பூஜையன்று சாயங்காலம் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆளு எதிர வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவேன்டா" என்றாள். "செத்தப்பகூட எட்டிப் பாக்கலயேடா."